மயக்கத்தில் இருக்கும்போது வரும் மருந்து அலர்ஜி: அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும்

"ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டார்கள், அலர்ஜியாகிவிட்டது, காப்பாற்ற முடியவில்லை" என்று ஒரு செய்தி வந்தால் அதன் பின்னாலேயே சில கேள்விகள் வரும். முன்கூட்டியே டெஸ்ட் செய்து பார்த்திருக்கக் கூடாதா? இதுவரை எந்த அலர்ஜியும் இல்லாதவருக்கு எப்படித் திடீரென்று வரும்? டாக்டர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் "மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிடுகிறது, அந்த வரியே பெரும்பாலும் தவறு. தூங்க வைக்கும் மருந்து இதற்குக் காரணமாக இருப்பது அரிது. கூடவே கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்கோ, தசையைத் தளர்த்தும் மருந்தோ, தோலைத் துடைத்த கிருமிநாசினியோதான் பெரும்பாலும் காரணம்.

இந்த ரியாக்‌ஷனை முழுக்கத் தடுத்துவிட முடியாது. யாருக்கு வரும் என்று முன்பே சொல்லவும் பெரும்பாலும் முடியாது. நம் கையில் இருப்பவை இரண்டுதான்: சந்தேகம் வந்த நிமிடத்திலேயே அட்ரினலின் போடுவது, பிழைத்தவருக்கு எந்தப் பொருளால் வந்தது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது.

முதலில், இது என்ன?

மருந்து சாப்பிட்டதும் உடம்பில் லேசாக அரிப்பு வருவதும் அலர்ஜிதான். இங்கே பேசுவது அதன் உச்சக்கட்டத்தை, அதாவது அனாஃபிலாக்சிஸை. இந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், ஆண்டு 1902. கடல் உயிரி ஒன்றின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் கொடுத்தால் அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு: முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவு கொடுத்ததுமே சில நிமிடங்களில் செத்துப்போனது. ரிஷேவுக்கு 1913-ல் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. நம் தோல், மூச்சுக்குழாய், குடல், ரத்தக் குழாய் ஓரங்கள், இதயம் என்று பல இடங்களில் மாஸ்ட் செல்கள் என்ற செல்கள் இருக்கின்றன. ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்ற வேதிப்பொருள்களைக் குட்டிப் பைகளில் நிரப்பி வைத்திருப்பவை இவை.

2. ஒரு பொருளுக்கு எதிராக உடம்பு ஏற்கெனவே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்திருந்தால், அந்தப் புரதம் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே பொருள் மறுபடி ரத்தத்துக்குள் வந்ததும் மாஸ்ட் செல்கள் மொத்தமாக வெடித்து, பையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.

3. கொட்டியதும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, சுவர் சல்லடையாகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. கடுமையான ரியாக்‌ஷனில் 10 நிமிடத்துக்குள் குழாய்க்குள் ஓடும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வெளியேறிவிடலாம். ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிந்தாமலேயே, பெரிய ரத்தப்போக்கு ஏற்பட்ட ஆளின் நிலைக்கு நோயாளி போய்விடுகிறார்.

4. கூடவே மூச்சுக்குழாய் இறுகுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால், பம்ப் செய்ய ஒன்றுமில்லாமல் இதயம் தடுமாறுகிறது. சிலருக்கு இதயத்தின் ரத்தக் குழாய்களே சுருங்கி மாரடைப்பு மாதிரி ஆவதும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஐஜிஇ சம்பந்தமே இல்லாமல் சில மருந்துகள் மாஸ்ட் செல்லை நேரடியாகத் தூண்டும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவப்பது இந்த வகை. மாஸ்ட் செல்லின் மேல் இருக்கும் எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற ஏற்பி வழியாகச் சில மருந்துகள் இப்படித் தூண்டுகின்றன என்று 2015-ல் தெரிய வந்தது. பெரும்பாலும் இது லேசாகவே இருக்கும், ஆனால் சில நேரம் இதுவும் உயிருக்கு உலை வைக்கும். தியேட்டரில் நிற்கும் டாக்டருக்கு அந்த நேரத்தில் எந்த வழி என்ற ஆராய்ச்சி தேவையில்லை, சிகிச்சை ஒன்றுதான்.

முதல் தடவையே எப்படி வருகிறது?

"இதற்கு முன் ஆபரேஷனே செய்ததில்லை, அப்புறம் எப்படி அலர்ஜி?" என்று குடும்பத்தினர் கேட்பார்கள். உடம்பு அந்த மருந்தைப் பார்த்ததில்லை என்றாலும் அதன் சாயல் கொண்ட வேறொன்றைப் பார்த்திருக்கலாம். ரோகுரோனியம், சக்சமெத்தோனியம் போன்ற தசைத் தளர்த்திகளின் மூலக்கூறில் நான்கு கரிமக் கிளைகள் கொண்ட நைட்ரஜன் பகுதி ஒன்று உண்டு. அதே மாதிரியான அமைப்பு சில அழகுசாதனப் பொருள்களிலும், துப்புரவுப் பொருள்களிலும், சில இருமல் மருந்துகளிலும் இருக்கிறது.

இதில் ஃபோல்கோடின் என்ற இருமல் மருந்தின் கதை முக்கியமானது. அதைக் குடித்தவர்களுக்குத் தசைத் தளர்த்திகளுக்கு எதிரான ஐஜிஇ உருவாகிறது என்ற சந்தேகம் நார்வேயில் எழுந்தது, 2007-ல் அங்கே அந்த மருந்து சந்தையை விட்டுப் போனது, அதன் பிறகு மக்களிடம் அந்த ஐஜிஇயின் அளவும் தசைத் தளர்த்தி ரியாக்‌ஷன்களும் குறைந்தன. 2022 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை ஃபோல்கோடினைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தது, 2023-ல் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அதையே செய்தன. எப்போதோ இருமலுக்குக் குடித்த சிரப், பல மாதம் கழித்து ஆபரேஷன் மேஜையில் ஆளைச் சாய்க்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மயக்கத்தில் இருப்பவரிடம் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்?

வெளியே ஒருவருக்கு அலர்ஜி வந்தால் அவரே சொல்லிவிடுவார். உள்ளங்கை அரிக்கிறது, தொண்டை அடைக்கிறது, என்னமோ ஆகப்போகிறது என்று பயமாக இருக்கிறது என்பார். மயக்கத்தில் இருப்பவர் எதையும் சொல்ல மாட்டார். உடம்பு பச்சைத் துணியால் மூடியிருக்கும், தோல் சிவந்தாலும் கண்ணில் படாது. இதோடு இன்னும் மூன்று சிக்கல்கள்:

1. மயக்க மருந்து கொடுத்தாலே பி.பி. குறையும். எத்தனையோ ஆபரேஷன்களில் தினமும் நடப்பது இது. ஆகவே முதல் தடவை பி.பி. இறங்கியதும் யாருக்கும் அலர்ஜி ஞாபகம் வராது, பி.பி.யை ஏற்றும் எபெட்ரினோ ஃபினைலெஃப்ரினோ வழக்கம்போல் போடுவார்கள்.

2. ஐந்தாறு மருந்துகள் அடுத்தடுத்து சில நிமிட இடைவெளியில் உள்ளே போயிருக்கும். எதனால் என்று அப்போதே சொல்ல முடியாது.

3. தோலில் தடிப்பு வந்தால்தான் அலர்ஜி என்ற நினைப்பு டாக்டர்களுக்கே உண்டு. கடுமையான ரியாக்‌ஷனில் தோலுக்கு ரத்தமே போவதில்லை, அதனால் தடிப்பும் இருக்காது. சிகிச்சை கொடுத்து பி.பி. மேலே வந்த பிறகுதான் உடம்பெல்லாம் சிவக்கும். அதைப் பார்த்து நிலைமை மோசமாகிறது என்று பயப்படுவதும் நடக்கிறது.

அப்படியானால் எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்? மானிட்டரில் மூன்று விஷயங்கள். வழக்கமான மருந்துக்கு மசியாமல் பி.பி. இறங்கிக்கொண்டே போவது முதலாவது. இரண்டாவது, வென்டிலேட்டர் காற்றைத் தள்ளச் சிரமப்படுவது, அதாவது மூச்சுக்குழாய் அழுத்தம் ஏறுவது. மூன்றாவது, வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அளவு சரசரவென்று குறைவது. நுரையீரலுக்கு ரத்தம் போகவில்லை என்றால் இந்த எண் விழும். இதைக் கவனிப்பவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன், பி.பி. மெஷின் அடுத்த தடவை கையை இறுக்கிப் பார்த்துக் கணக்குச் சொல்வதற்குள் இந்த எண் விஷயத்தைச் சொல்லிவிடும். இதயத் துடிப்பு ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், சிலருக்கு அது குறையவும் செய்யும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மூச்சு டியூப் தவறுதலாக உணவுக்குழாயில் போயிருப்பது, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அழுத்துவது, எங்கேயோ ரத்தம் கசிவது, நுரையீரலின் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைப்பது என்று இதே மாதிரி தோற்றம் தரும் வேறு ஆபத்துகளும் உண்டு. அவை இல்லை என்பதையும் வேகமாகப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆனால் அவற்றைப் பார்க்கும் வரை அட்ரினலினை நிறுத்தி வைப்பதில்தான் உயிர் போகிறது.

காரணம் எந்த மருந்து?

இதைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வு பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெட்டிஸ்ட்ஸ் நடத்திய ஆறாவது தேசியத் தணிக்கை, 2018-ல் வெளியானது. அங்கே ஓர் ஆண்டில் நடந்த கடுமையான சம்பவங்களில் 266-ஐ ஒவ்வொன்றாக எடுத்து அலசினார்கள். கிடைத்த கணக்கு: ஏறக்குறைய 10,000 மயக்கங்களுக்கு ஒன்று. 266 பேரில் 40 பேருக்கு இதயம் நின்றது, 10 பேர் இறந்தார்கள். அதாவது சரியான வசதி இருந்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

காரணம் உறுதியானவற்றில்:

1. ஆன்டிபயாடிக்குகள், கிட்டத்தட்ட பாதி. டெய்கோபிளானின்தான் மோசமானது, ஒரு லட்சம் தடவை கொடுத்தால் சுமார் 16 பேருக்கு. கோ-அமாக்ஸிகிளாவ் அதில் பாதி.

2. தசைத் தளர்த்திகள், மூன்றில் ஒரு பங்கு. சக்சமெத்தோனியம் முதலிடம், லட்சத்துக்குச் சுமார் 11.

3. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, சுமார் 9 சதவீதம்.

4. நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்கச் செலுத்தும் நீலச் சாயம், அதற்கும் கீழே. அளவில் சிறியது என்றாலும் பயன்படுத்தும் தடவைகளோடு ஒப்பிட்டால் ஆபத்து அதிகம். அந்தச் சாயம் ஆக்சிஜன் மீட்டரையும் ஏமாற்றி எண்ணைக் குறைத்துக் காட்டும்.

குளோர்ஹெக்சிடினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் திரவத்தில் இருக்கிறது, சிறுநீர்க் குழாய் வைக்கும்போது தடவும் ஜெல்லில் இருக்கிறது, கழுத்து நரம்பில் செலுத்தும் சில வகைக் குழாய்களின் மேற்பூச்சிலும் இருக்கிறது. மயக்க மருந்துச் சார்ட்டில் இதன் பெயரே வராது. ரியாக்‌ஷனும் உடனே வராமல் பத்து, இருபது நிமிடம் கழித்து வரலாம். கழுத்துக் குழாய் போட்ட பிறகு பி.பி. விழுகிறது, அட்ரினலின் போட்டதும் ஏறுகிறது, மறுபடி விழுகிறது என்றால் அந்தக் குழாயே ரத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு மருந்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கலாம். உயிரைக் காப்பாற்றத்தான் அந்தக் குழாய் என்று நினைத்து அதை விட்டுவைப்பார்கள். பூச்சு இல்லாத வேறொன்று வைத்துவிட்டு அதை எடுத்தால்தான் ஆள் தேறுவார்.

தூங்க வைக்கும் புரோபோஃபால், மூச்சு வழி கொடுக்கும் வாயுக்கள், மரத்துப்போக வைக்கும் லோக்கல் அனஸ்தீசியா மருந்துகள் இந்தப் பட்டியலில் கீழே எங்கோ இருக்கின்றன. வாயுக்களுக்கு அலர்ஜி வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

சந்தேகம் வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

1. "அனாஃபிலாக்சிஸ்" என்று சத்தமாகச் சொல்லி ஆள் கூப்பிட வேண்டும். சர்ஜன் கத்தியை வைத்துவிட வேண்டும், முடிந்தால் ஆபரேஷனை நிறுத்த வேண்டும். ஒருவர் நேரத்தையும் மருந்தையும் எழுதிக்கொள்ள, இன்னொருவர் வழிகாட்டி அட்டையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இது சடங்கு மாதிரித் தெரியலாம், ஆனால் பதற்றத்தில் மூளை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அட்டைதான் அடுத்த படிக்கு நகர்த்துகிறது.

2. சந்தேகத்துக்குரிய எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபயாடிக், ஜெலட்டின் கலந்த டிரிப், குளோர்ஹெக்சிடின் பூசிய குழாய், லேடெக்ஸ் கையுறை என்று எல்லாமே இதில் அடக்கம்.

3. நூறு சதவீத ஆக்சிஜன். மயக்க வாயுவின் அளவைக் குறைக்க வேண்டும், நோயாளி விழித்துக்கொள்ளாத அளவுக்கு.

4. அட்ரினலின். இதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

5. கால்களை உயர்த்திவிட்டு சலைனை அழுத்தி ஏற்ற வேண்டும். முதல் தவணை கிலோவுக்கு 20 மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 லிட்டர். மொத்தம் 3 முதல் 5 லிட்டர் வரை தேவைப்படலாம். வழக்கமாக இவ்வளவு ஏற்றப் பயப்படுவார்கள். ஆனால் குழாய்க்குள் திரவமே இல்லாதபோது அட்ரினலின் எதை அழுத்தி பி.பி.யை ஏற்றும்?

6. பெரியவர்களுக்கு மேல் பி.பி. 50-க்குக் கீழே போனால் சி.பி.ஆர். தொடங்க வேண்டும். மானிட்டரில் துடிப்புக் கோடு ஓடிக்கொண்டிருப்பதால் "இதயம் அடிக்கிறதே, நெஞ்சை ஏன் அழுத்த வேண்டும்?" என்று கை தயங்கும். அந்த அழுத்தத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகவில்லை, அது இதயம் நின்றதற்குச் சமம். அந்தப் பிரிட்டிஷ் ஆய்வில் பி.பி. இந்த அளவுக்கு விழுந்தும் பலருக்கு நெஞ்சழுத்தம் தொடங்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள்.

அட்ரினலின்: எதற்கு, எவ்வளவு, எப்படி?

விரிந்த குழாயைச் சுருக்குவது, இதயத்தை வலுவாக அடிக்க வைப்பது, மூச்சுக்குழாயைத் திறப்பது, மாஸ்ட் செல்கள் மேலும் வெடிப்பதை மட்டுப்படுத்துவது என்று இந்த நான்கு வேலையையும் ஒரே மருந்து செய்கிறது. இதற்கு மாற்று கிடையாது. எபெட்ரின், ஃபினைலெஃப்ரின் எல்லாம் இதில் ஒன்றிரண்டைத்தான் செய்யும். அவற்றை இரண்டு தடவை போட்டும் பி.பி. எழவில்லை என்றால், அதையே அலர்ஜிக்கான துப்பாக எடுத்துக்கொண்டு அட்ரினலினுக்குப் போய்விட வேண்டும்.

அளவுதான் இங்கே கத்தி மேல் நடப்பது. ஒரு ஆம்பூலில் 1 மில்லி, அதில் 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். இதயம் நின்றவருக்கு இது முழுவதையும் நரம்பில் போடுவார்கள். இதயம் அடித்துக்கொண்டிருப்பவருக்கு அதை அப்படியே நரம்பில் தள்ளினால் பி.பி. கட்டுக்கடங்காமல் ஏறும், துடிப்பு தாறுமாறாகும், மூளையில் ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். ஆகவே அந்த 1 மில்லியோடு 9 மில்லி சலைன் சேர்த்து 10 மில்லி ஆக்குகிறார்கள். இப்போது ஒவ்வொரு மில்லியிலும் 100 மைக்ரோகிராம். இதில் அரை மில்லி, அதாவது 50 மைக்ரோகிராம், பெரியவருக்கு நரம்பு வழியில் முதல் தவணை. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். போட்டுவிட்டு மானிட்டரைப் பார்த்து, தேவைப்பட்டால் ஓரிரு நிமிடத்தில் மறுபடி. மூன்று தடவை போட்டும் நிற்கவில்லை என்றால் தொடர்ச்சியாக ஏறும்படி பம்ப்பில் மாட்டிவிட வேண்டும்.

நரம்பு கிடைக்கவில்லை, அல்லது நரம்பு வழியில் கொடுத்துப் பழக்கமில்லை என்றால் தொடைத் தசையில் 500 மைக்ரோகிராம், அதாவது சலைன் கலக்காத மருந்தில் அரை மில்லி. இது பாதுகாப்பானது. பல் டாக்டர் கிளினிக்கிலோ ஸ்கேன் அறையிலோ ரியாக்‌ஷன் வந்தால் இதுதான் வழி. நரம்பு வழி அளவையும் தசை வழி அளவையும் குழப்பிக்கொள்வதால் வரும் விபத்தைத் தவிர்க்கத்தான், கணக்கு எழுதி ஒட்டிய தனிப் பெட்டியைத் தியேட்டரில் வைக்கச் சொல்கிறார்கள்.

அட்ரினலினுக்கும் மசியாத கேஸ்கள் உண்டு. பி.பி.க்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இது அதிகம், ஏனென்றால் அட்ரினலின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கும். அவர்களுக்கு குளுக்ககான் என்ற மருந்து வேறு வழியாக இதயத்தைத் தூண்டிவிடும். ரத்தக் குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின், வாசோபிரெசின் சேர்ப்பதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அலர்ஜி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் ஏவிலும் ஸ்டீராய்டும்? ஏவில் வகை ஊசிகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், விழுந்த பி.பி.யை எழுப்பாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். பிரிட்டனின் ரிசசிட்டேஷன் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் முதல் கட்ட சிகிச்சையிலிருந்தே இரண்டையும் எடுத்துவிட்டது. அவற்றைப் போடுவதே தவறு என்பதில்லை. அவற்றைத் தேடி உடைத்து ஏற்றும் நேரத்தில் அட்ரினலின் தள்ளிப்போகிறது, அதுதான் தவறு. அந்தத் தணிக்கையில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அட்ரினலின் கொடுக்கப்படவே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிழைத்த பிறகு: டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை

ஆள் நிலைக்கு வந்ததும் ஐ.சி.யூ.வுக்குப் போவார். சில மணி நேரம் கழித்து ரியாக்‌ஷன் திரும்பவும் தலைதூக்கலாம் என்பதால் கண்காணிப்பு தேவை. இங்கேதான் பல இடங்களில் கை நழுவிப்போகிறது ஒரு விஷயம்: ரத்த மாதிரி.

மாஸ்ட் செல் வெடித்ததற்கு ரத்தத்தில் தங்கும் தடயம் டிரிப்டேஸ். ஆனால் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகிவிடும். ஆகவே மூன்று மாதிரிகள்: நிலைமை கட்டுக்குள் வந்ததும் ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று (4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது), 24 மணி நேரம் கழித்து ஒன்று. மூன்றாவதுதான் அந்த ஆளுடைய இயல்பான அளவைக் காட்டும். அது இல்லாமல் முதல் இரண்டுக்கும் அர்த்தம் சொல்வது கஷ்டம்.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். லேப் ரிப்போர்ட்டில் 11.4 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். ஒருவருக்கு ரியாக்‌ஷன் சமயத்தில் 9.5 வந்தது. நார்மல்தானே என்று ஃபைலை மூடிவிடுவார்கள். மறுநாள் எடுத்த மாதிரியில் அவருடைய இயல்பு அளவு 3 என்று வருகிறது. சூத்திரம் இது: இயல்பு அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டு. 3-க்கு அது 5.6. அவருக்கு வந்ததோ 9.5, அதாவது மாஸ்ட் செல்கள் வெடித்தது உறுதி. 24 மணி நேர மாதிரியை எடுக்காமல் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. டிரிப்டேஸ் ஏறவில்லை என்பதற்காக அலர்ஜியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நேர்மாறாக, இயல்பு அளவே உயரமாக இருந்தால் மாஸ்ட் செல் நோய் ஏதும் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது தோல் பரிசோதனையில். ரியாக்‌ஷன் முடிந்து 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்வார்கள், அதற்கு முன் மாஸ்ட் செல்கள் காலியாக இருப்பதால் பொய்யாக நெகட்டிவ் வரும். அன்றைக்கு உடம்புக்குள் போன, உடம்பைத் தொட்ட எல்லாவற்றின் பட்டியலும் நிமிடக் கணக்கோடு அலர்ஜி டாக்டர் கையில் இருக்க வேண்டும். எது ஆகாது என்பதோடு எது ஆகும் என்பதையும் அங்கேயே சோதித்துச் சொல்ல வேண்டும். ரோகுரோனியம் ஆகாதவருக்கு அதன் உறவுக்கார மருந்துகளில் வேறு சிலவும் ஆகாமல் போகலாம், அடுத்த ஆபரேஷனில் பயன்படுத்தப் பாதுகாப்பான ஒன்றின் பெயர் அவருக்கு வேண்டும்.

எல்லோருக்கும் முன்கூட்டியே டெஸ்ட் செய்தால் என்ன?

செய்தி வரும்போதெல்லாம் எழும் கோரிக்கை இது. பத்தாயிரத்தில் ஒருவரைத் தேடி எல்லோருக்கும் தோல் பரிசோதனை செய்தால், உண்மையில் அலர்ஜியே இல்லாத எத்தனையோ பேருக்கு பாசிட்டிவ் வரும். நெகட்டிவ் வந்தவரிடமும் ரியாக்‌ஷன் வராது என்ற உத்தரவாதம் கிடையாது. முன்பு ரியாக்‌ஷன் வந்தவர்களுக்கு மட்டும்தான் இது பயன்படும். ஆன்டிபயாடிக்கில் கொஞ்சம் மட்டும் முதலில் ஏற்றிப் பார்ப்பதும் நம்பகமான வழி இல்லை, அலர்ஜி இருப்பவருக்கு அந்தக் கொஞ்சமே போதும். ஆன்டிபயாடிக்கை மயக்கத்துக்குச் சில நிமிடம் முன்பே, நோயாளி விழித்திருக்கும்போது கொடுப்பது இதைவிட உருப்படியான யோசனை. ரியாக்‌ஷன் வந்தால் அவரே வாய்விட்டுச் சொல்வார், வேறு மருந்துகளும் கலந்து குழப்பாது.

தடுப்பில் உண்மையிலேயே செய்யக்கூடிய பெரிய காரியம் பென்சிலின் முத்திரையைச் சரிபார்ப்பது. "பென்சிலின் அலர்ஜி" என்று ஃபைலில் எழுதப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முறையாகச் சோதித்தால் அலர்ஜி இருப்பதில்லை. சின்ன வயதில் ஏதோ காய்ச்சலோடு வந்த தடிப்பு, மாத்திரையால் வந்த வயிற்றுப்போக்கு, பெற்றோர் சொன்ன தகவல், இவையெல்லாம் அலர்ஜியாகப் பதிவாகிவிடுகின்றன. அதன் விலை என்ன? அவர்களுக்கு மாற்றாகக் கொடுப்பவற்றில் ஒன்று டெய்கோபிளானின், அதாவது பட்டியலின் உச்சியில் இருக்கும் மருந்து. இல்லாத அலர்ஜிக்குப் பயந்து, அலர்ஜி அதிகம் வரும் மருந்துக்கு அவர்களைத் தள்ளுகிறோம். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் அந்த முத்திரையை முன்னதாகவே சோதித்து நீக்கிக்கொள்ளலாம்.

முட்டை அலர்ஜி இருந்தால் புரோபோஃபால் கூடாது, கடல் உணவு ஆகாதவருக்கு அயோடின் கூடாது என்ற இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் முட்டையோ மீனோ ஆகாது என்பதைச் சொல்லாமல் இருக்க வேண்டாம், முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருக்க வேண்டியவை

"மயக்க மருந்து அலர்ஜி" என்று மட்டும் எழுதிய காகிதம் அடுத்த டாக்டருக்கு எந்த உதவியும் செய்யாது, எல்லா மருந்தின் மேலும் பயத்தைத்தான் கிளப்பும். கேட்டு வாங்க வேண்டியவை:

1. அன்று கொடுத்த எல்லா மருந்துகளின் பெயரும் நேரமும், துடைத்த கிருமிநாசினி உட்பட.
2. ரியாக்‌ஷன் எப்போது தொடங்கியது, பி.பி. எவ்வளவு வரை இறங்கியது, எவ்வளவு அட்ரினலின் தேவைப்பட்டது.
3. மூன்று டிரிப்டேஸ் முடிவுகள்.
4. தோல் பரிசோதனைக்கு எங்கே, எப்போது போக வேண்டும், அதற்குள் அவசர ஆபரேஷன் வந்தால் எவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு சம்பவத்தில் அலட்சியம் இருந்ததா என்று கேட்பவர்களும் இதே காகிதங்களைத்தான் பார்க்க வேண்டும். ரியாக்‌ஷன் வந்ததை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பி.பி. விழுந்ததற்கும் முதல் அட்ரினலினுக்கும் நடுவே எத்தனை நிமிடம், நெஞ்சழுத்தம் எப்போது தொடங்கியது, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பவற்றைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கடைசியாக, "எனக்கு வந்தது என் பிள்ளைகளுக்கும் வருமா, அவர்களுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?" என்ற கேள்வி. மருந்து அலர்ஜி அப்படிப் பரம்பரையாக வருவதில்லை, பிள்ளைகளுக்குச் சோதனை தேவையில்லை. ஆனால் மயக்கத்தின்போது வரும் இன்னொரு ஆபத்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. மயக்க வாயுவோ சக்சமெத்தோனியமோ பட்டதும் தசைகள் இறுகி, கார்பன் டை ஆக்சைடு அளவு ஏறி, உடம்பு கொதிக்கத் தொடங்கும். அது அலர்ஜியே இல்லை, மரபணுக் கோளாறு. அதற்கான மருந்து டான்ட்ரோலின், அது வந்தவரின் ரத்த உறவுகள் தங்களையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆகவே நடந்தது இரண்டில் எது என்பது காகிதத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப வேண்டும்.